சம்மந்தி குடையில் குடிவந்த புழு

எனக்கு எழுபத்தி மூணு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஏழு. மிச்ச மூணும் என் நாத்தனார் விட்டுட்டுப் போன புள்ளைங்க. ஏழும் பள்ளிக்கூடம் போனது, ஏழும் பாஸ் பண்ணினது, அதில் ஒண்ணு வாத்தியாராகவே ஆனது. நான் படிச்சது ரெண்டாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் குமராட்சியில் எங்க வயலுக்கு நாத்துக் கட்டு தூக்கப் போயிட்டேன். அதனால் இதை எழுதி முடிக்க எனக்கு நாளாகும். ஒரு வரி எழுதுவேன், ஒரு வாய் வெத்தலை போடுவேன், அப்புறம்தான் அடுத்த வரி. படிக்கிறவங்களும் அவசரப்படாமல் படிக்கலாம்.

ஏழு பேரைத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பின என் வீட்டில், இப்போ ரெண்டு பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடமே போகாமல் படிக்குதுங்க. கடைசி மகன் புள்ளைங்க. பெரியவளுக்குப் பத்து வயசு, சின்னவனுக்கு ஏழு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. மகனுக்குத் தண்ணி மோட்டார் விக்கிற கடையில் வேலை. மருமக முன்னே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்து, புள்ளைங்களை வீட்டிலேயே நான் படிக்க வைக்கிறேன் அத்தை என்றாள். நான் ஏதோ ஒரு மாசத்து ஆசை என்று நினைத்து, சரிம்மா என்றேன். மூணு வருஷம் ஆயிட்டது.

தெருவில் பதில் சொல்ல வேண்டியது நான்தானே. புள்ளைங்க பகலில் வீட்டில் இருக்கே என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோதெல்லாம் லீவு என்று சொல்லி வைத்தேன். அவளும் ரொம்ப நாள் பொறுத்தாள். ஒரு நாள் குழாயடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, மழைக்கு லீவு விட்ட கலெக்டரு, உங்க வீட்டுக்கு மட்டும் திறக்கச் சொல்ல மறந்துட்டாரா" என்றாள். அன்னையிலிருந்து நான் லீவு என்று சொல்வதில்லை. எங்க வீடே பள்ளிக்கூடம், நான்தான் அதுக்கு வாட்ச்மேன் என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் படிப்பு எப்படி என்றால், காலையில் கணக்கு, எழுத்து எல்லாம் கொஞ்சம். அதுக்கப்புறம் தண்ணி பாட்டிலும் புளிச்சோறும் கட்டிக்கிட்டுக் கிளம்பிடணும். ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் உப்பனாறு, ஒரு நாள் மார்க்கெட், ஒரு நாள் பெண்ணையாத்து மணல். எங்கே போனாலும் சோத்துப் பையைத் தூக்கிக்கிட்டு நானும் போவேன். எறும்பு போகிற வழியைப் பார்க்கிறேன் என்று அரை நாள் குந்திக்கிடக்குங்க. எனக்கும் பக்கத்தில் குந்தப் பிடிக்கும். வீட்டில் குந்தினால் சும்மா குந்தியிருக்கேன் என்பாங்க. அங்கே குந்தினால் படிக்கிறேன் என்று ஆகிவிடும்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மருமக போட்டது. எந்த உயிராவது ஒரு இடத்தில் வேலையாக இருந்தால், அது வேலை முடிக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது, நகத்தவும் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் சமையல்கட்டு பிளக்கு ஓட்டையில் குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைத்தபோது, ஒரு மாசம் மிக்ஸி போட முடியாமல் அம்மியில் சட்னி அரைத்தது யார்? நான். குளிக்கிற ரூமில் சிலந்தி கூடு கட்டினது என்று எங்க மகன் கொல்லையில் துண்டோடு நின்னு குளித்தான். எதிர்வீட்டுக்காரி அன்னைக்குத் துணி காயப்போட நாலு தடவை மாடிக்கு வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்திலிருந்து சம்மந்தி வந்தார், மருமகளோட அப்பா. தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நின்னால் கொடிக்கம்பம், உக்காந்தால் சுவர்க் கடிகாரம். கையில் எப்பவும் ஒரு பெரிய கறுப்புக் குடை இருக்கும், வளைஞ்ச பிரம்புப் பிடி போட்டது. ரிட்டயர் ஆன அன்னைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாவிட்டாலும் அந்தக் குடை இல்லாமல் அவர் வாசற்படி தாண்ட மாட்டார்.

அது வைகாசிக் கடைசி, பள்ளிக்கூடமெல்லாம் திறக்கிற நேரம். திங்கக்கிழமை காலையில் வந்தவர் காப்பி குடித்து முடித்து, குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். ரெண்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார். அடுத்த திங்கக்கிழமைக்குள் பதில் சொல்லணும். புள்ளைங்க அவர் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், அவர் வீட்டம்மா பார்த்துக்குவாங்க. இந்த ஒரு வாரம் இங்கேயே இருந்து பார்ப்பாராம். புள்ளைங்க உண்மையிலேயே படிக்குதுங்க என்று அவருக்குத் தோணினால் வாயைத் திறக்காமல் போயிடுவார். தோணாவிட்டால் கையோடு கூட்டிக்கிட்டுப் போவார்.

என் மகன் மாமனார் சொன்னதுக்கும் தலையாட்டினான், பெண்டாட்டி சொன்னதுக்கும் தலையாட்டினான். கடைசியில், மாமா என்ன சொல்றாரோ அதான் என்றான். மருமக காப்பி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பனும் மகளும் ஒரே மரத்துக் கட்டை, எது முதல்ல வளையும் என்று நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

என் நெலமையைச் சொல்லிடறேன். அதுங்க போயிட்டால் எனக்கு இந்த வீட்டில் டிவிதான் கதி. ஏழு பேரை வளர்த்தவள் நான், ஏழும் ஒவ்வொண்ணாய்ப் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனதைப் பார்த்தவள். அப்போ வேலை இருந்தது, அழுவதுக்கு நேரம் இல்லை. இப்போ எனக்கு நேரம் ஜாஸ்தி. இந்த ரெண்டும் என் கூடவே இருக்கணும், அவ்வளவுதான்.

அன்னைக்கு வீட்டில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் எருக்கஞ்செடிப் புழு ஒண்ணு இருந்தது. கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரிவரியாய், தலையில் கொம்பு வைத்த மாதிரி. சின்னவன் எருக்க இலை போட்டு வளர்த்தான். என்னமா தின்னும் தெரியுமா, கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவன் மாதிரி. சாயந்தரம் இலை போட்டவன் பாட்டில் வாயில் துணியைக் கட்டவில்லை போல. செவ்வாய்க்கிழமை விடிஞ்சு பார்த்தால் புழுவைக் காணோம். பாயைத் தூக்கிப் பார்த்தோம், சொம்பைக் கவுத்துப் பார்த்தோம். சம்மந்தியின் சட்டைப் பைக்குள்கூட சின்னவன் எட்டிப் பார்த்தான். அவர் இதெல்லாம் எனக்கில்லை என்கிற மாதிரி, காலை நடைக்குக் கிளம்பிக் குடைக்குக் கையை நீட்டினார்.

"தாத்தா, எடுக்காதீங்க. குடையில வேலை நடக்குது" என்றாள் பெரியவள்.

பிடிக்குக் கீழே, ஒரு கம்பி முனையில் புழு தலைகீழாய்த் தொங்கிக்கிட்டு இருந்தது, தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு.

"இது என் குடை" என்றார் சம்மந்தி.

"அது அதுக்குத் தெரியாது தாத்தா" என்றான் சின்னவன்.

மத்தியானத்துக்குள் அது தோலை உரிச்சுப் போட்டுவிட்டு ஒரு பச்சை மணியாய் ஆகிவிட்டது. சுத்தி ஒரு வரிசை தங்கப் பொட்டு வேறு. எந்த ஆசாரி வைத்தானோ, ஜிமிக்கி தோத்தது. நான் எத்தனையோ புழுவைத் துடைப்பத்தால் தள்ளியிருக்கேன், இந்த வேலையை உக்காந்து பார்த்ததில்லை. சம்மந்தி கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒரு தடவை வந்து பார்த்தார். அப்புறம் தண்ணி குடிக்க வந்தேன் என்று இன்னொரு தடவை வந்தார். தண்ணிப்பானை இருப்பது அந்தப் பக்கம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பரீட்சை ஆரம்பிச்சது. சின்னவனை எழுதச் சொன்னார். அவன் ரெண்டு வரி எழுதிவிட்டு மிச்ச இடத்தில் குளவி படம் போட்டான். பெரியவளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். அவள் பன்னெண்டாம் வாய்ப்பாட்டில் நடுவில் இறங்கிவிட்டாள். சம்மந்தி முகம் சுருங்கிப் போனது. கடைசியாக ஜன்னலைக் காட்டி, இதிலிருந்து என்ன வரும் என்றார். பட்டாம்பூச்சி என்றாள். எப்போ வரும் என்றார். பெரியவள் விரலை மடக்கி மடக்கி, போன தடவை எப்போ தொங்கினது, எப்போ வந்தது, அப்போ வெயில் எப்படி என்றெல்லாம் யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும் தாத்தா."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

சம்மந்தி நிமிர்ந்து உக்காந்தார். அவள் சொன்னபடி வந்துவிட்டால் அவள் படிச்சவள் என்று ஒத்துக்குவார், பள்ளிக்கூடப் பேச்சையே எடுக்க மாட்டார். வரவில்லை என்றால் ரெண்டு பேரும் பொட்டி கட்டணும். மருமக பதறிப் போய், பூச்சிக்கெல்லாம் தேதி குறிக்க முடியாதுப்பா என்றாள். தேதி இல்லாமல் என்ன பரீட்சை என்றார் அவர். ஆக, எங்க வீட்டுக் குடும்பக் கேசு ஒரு புழு தலையில் போய் உக்காந்தது.

அன்னைக்குச் சாயந்தரமே ஆபத்து வந்தது. விளக்கு வைக்கிற நேரம், ஜன்னல் மேலே ஒரு பல்லி. நல்லா கொழுத்த பல்லி. நான் துடைப்பத்தை எடுத்தேன். அது சொல்லி வைத்த மாதிரி கிழக்குப் பக்கம் பார்த்து அச்சு அச்சு என்று சொல்லிற்று. சம்மந்தி என் கையைத் தடுத்துவிட்டு, பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். கிழக்கே சொன்னால் நல்ல சேதி வருமாம். நல்ல வாக்கு சொன்ன பல்லியை அடிக்கக் கூடாதாம். நல்ல வாக்கு சொல்லிவிட்டு நம்ம பூச்சியைத் தின்னுட்டுப் போனால் அந்த வாக்கை என்ன பண்ணுவது என்றேன் நான். பல்லியை விரட்டக் கூடாது என்று அவர் சாஸ்திரம். குடையை நகத்தக் கூடாது என்று இவங்க சட்டம். ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. ராத்திரி பூரா முறை வைத்துக் காவல் இருக்கலாம் என்றுகூட மகன் சொன்னான், சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தூங்கிவிட்டான்.

வழக்கைத் தீர்த்தது பெரியவள்தான். நகத்தக் கூடாதது மணியை. மணி இருக்கிற கம்பியை விட்டு அதைப் பிரிக்கக் கூடாது. குடையோடு சேர்ந்து போனால் அது நகர்ந்ததாக ஆகாது, நாம பஸ்ஸில் உக்காந்துக்கிட்டு நடக்காமல் போகிற மாதிரி என்றாள். மருமக யோசித்து, சரி என்றாள். சம்மந்தி, இது வக்கீல் ஆகும் என்று முணுமுணுத்தார். அன்னையிலிருந்து ராத்திரி கொசுவலைக்குள் குடை தொங்கும். பகலில் எங்கே போனாலும் குடை கூடவே வரும். தூக்குவது சம்மந்தி. வேற யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார், அவர் குடையாச்சே.

தூக்குவது என்றால் சும்மா இல்லை. பிடியைப் பிடித்து, உடம்பில் படாமல், கையை முன்னால் நீட்டி, ஆடாமல் அசையாமல், கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிற மாதிரி நடக்கணும். புதன்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்படியே நடந்தார். வலை பிரித்துக்கிட்டு இருந்தவங்க எழுந்து நின்னு வழி விட்டாங்க, என்ன வேண்டுதலோ என்று. சின்னவன் நண்டு ஓட்டைகிட்ட குப்புறப் படுத்துக்கிட்டான். சம்மந்தி சும்மா இருப்பாரா, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார். எதை என்று கேட்டான் அவன். எதையுமில்லை, ஏழெட்டு என்றார். அவன் ஓட்டைக்கு வெளியே நின்ன நண்டை எண்ணிப் பார்த்தான்.

"ஏழு நண்டு, ஆளுக்கு எட்டு காலு, அம்பத்தாறு. ரெண்டு ரெண்டு கொடுக்கைச் சேத்தா எழுவது. எது வேணும் தாத்தா?"

சம்மந்தி அம்பத்தாறு போதும் என்றார். கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறம், இவன் சொன்னது சரியா என்று அவரே குனிஞ்சு ஒரு நண்டைப் பார்த்தார். குடை குனியவில்லை.

வியாழக்கிழமை மார்க்கெட்டு. அங்கே சொல்லும்படி ஒண்ணும் இல்லை, கத்திரிக்காய் விலை தவிர. அதைச் சொல்லிக் கோபப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய பயணம். எங்க ஊரில் குறுவைக்கு நாத்து விட்டிருக்காங்க, அதைப் பார்க்கணும் என்று புள்ளைங்க ரொம்ப நாளாய்க் கேட்டுக்கிட்டு இருந்ததுங்க. கடலூரிலிருந்து சிதம்பரம் போய், அங்கே குமராட்சி போகிற டவுன் பஸ்ஸு பிடிச்சோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைச் சொல்லவா வேணும். நானும் மருமகளும் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, நடுவில் சம்மந்தி, அவர் கையில் குடை. சாமி புறப்பாடு தோத்தது. சம்மந்தியிடம் முன்னே படித்தவன் ஒருத்தன் எதிரே வந்து கும்பிட்டான். இவர் திரும்பிக் கும்பிட முடியாமல் கண்ணாலேயே கும்பிட்டார்.

பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்தது. குடையை மடியில் வைக்காமல், மேலே இருந்த கம்பியில் மாட்டி, ஒரு கையால் அணை கட்டிக்கிட்டு உக்காந்தார். கண்டக்டர் வந்து, சாமி அதைக் கழட்டிக் கீழ போடுங்க, ஆளுங்க நிக்கணும் என்றார்.

"முடியாதுப்பா. இதுக்குள்ள ஆள் இருக்கு" என்றார் சம்மந்தி. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

கண்டக்டர் குனிஞ்சு பார்த்தார். "ஆள் இருந்தா டிக்கெட்டு எடுக்கணுமே சாமி."

சின்னவன், அது ரொம்பச் சின்னது அண்ணா, அரை டிக்கெட்டுகூட கிடையாது என்றான். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார் கண்டக்டர். வெளியே வந்தால்தான் தெரியும் என்றாள் பெரியவள். அதுக்கு அவர், "சரி, பொம்பளைன்னே வச்சுக்குவோம். நம்ம பஸ்ல அவுங்களுக்கு இலவசம்" என்று சொல்லி, விசிலை ஊதிவிட்டுப் போனார். பஸ்ஸே சிரித்தது. சம்மந்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் குமராட்சி வரைக்கும், பக்கத்தில் வந்து நின்ன ஒவ்வொருத்தரிடமும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உள்ள ஆள் இருக்கு என்று சொல்லிக்கிட்டே வந்தார்.

நாத்தங்கால் பார்த்தோம், கொக்கு பார்த்தோம், சின்னவன் சேத்தில் விழுந்தான், அதுவும் படிப்புதான் என்றாள் மருமக. மத்தியானத்துக்கு மேல் கொள்ளிடம் பக்கமிருந்து கறுத்துக்கிட்டு வந்தது. வயலில் ஓடி ஒதுங்க எங்கே இடம்? வரப்பிலேயே பிடித்துக்கிட்டது மழை. என்ன மழை தெரியுமா, பானையைக் கவுத்த மாதிரி. நாங்க அஞ்சு பேர், கையில் ஊருக்கே பெரிய குடை, ஆனால் விரிக்க முடியாது. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கிட்டுச் சம்மந்தியைப் பார்த்தேன். மனுஷன் சட்டை பூரா நனைஞ்சு, முதல்ல குடையைத் தன் வயித்துக்குள் ஒளிக்கிற மாதிரி குனிஞ்சு நின்னார். அப்புறம் விறுவிறு என்று பக்கத்து வாழைக்கொல்லைக்குப் போனார். ஒரு இலையை ஒடித்தார். அதைக் குடைக்கு மேலே பிடித்துக்கிட்டார்.

இலைக்குக் கீழே குடை, குடைக்கு வெளியே சம்மந்தி. தலையிலிருந்து தண்ணி வழியுது. ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர், குடைக்குக் குடை பிடித்துக்கிட்டு வரப்பு மேல் நடந்து வருகிறார். நாத்துப் பிடுங்கின பொம்பளைங்க எல்லாம் மழையை மறந்துட்டு நின்னாங்க. அதில் என் பெரியப்பா மகள் ஒருத்தி, யாருடி அது என்று கேட்டாள். எங்க சம்மந்தி என்றேன். என்ன பண்றாரு என்றாள். நனையறாரு என்றேன். வேறென்ன சொல்வது.

சனிக்கிழமை அவருக்கு ஜலதோஷம். நான் சுக்கு, மிளகு தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நம்ம ஆளு எந்திரிச்சாச்சா" என்று கேட்டார். முதல் நாள் இது என் குடை என்றவர், இப்போ நம்ம ஆளு என்று சொன்னதை நான் மட்டும் கவனித்தேன்.

ஆளு எந்திரிக்கவில்லை. ஞாயித்துக்கிழமை காலையில் பார்த்தால் பச்சையெல்லாம் போய் மணி கறுக்க ஆரம்பித்திருந்தது. பஸ்ஸு ஆட்டத்திலேயோ மழையிலேயோ செத்துப்போச்சு என்று நினைத்தேன். இது வரப்போற அறிகுறிதான் ஆயா என்றாள் பெரியவள், ஆனால் அவள் குரலிலும் சத்து இல்லை. மத்தியானம் போனது, ஒண்ணும் இல்லை. சாயந்தரம் நான் யாருக்கும் சொல்லாமல் தெருமுனைப் புள்ளையார் கோயிலுக்கு ஒரு தேங்காயோடு போனேன். அங்கே எனக்கு முன்னால் சம்மந்தி நிக்கிறார், அவர் கையிலும் ஒரு தேங்காய். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நான் என் தேங்காயை உடைத்தேன், வரணும் சாமி என்று. அவர் அவர் தேங்காயை உடைத்தார், வரக்கூடாது சாமி என்று வேண்டிக்கிறார் போல என்று நினைத்துக்கிட்டேன். ஒரே புள்ளையார், எதிரும் புதிருமாய் ரெண்டு தேங்காய். அந்தச் சாமிதான் பாவம், யாருக்கு என்று தீர்ப்பு சொல்வார்?

விளக்கு வைத்தாச்சு. பெரியவள் யாரும் சொல்லாமல் தன் துணியையும் தம்பி துணியையும் மடித்துப் பொட்டியில் வைத்தாள். அவள் நேராகத் தாத்தாகிட்ட வந்தாள்.

"நான் சொன்ன மாதிரி வரல தாத்தா. ஞாயித்துக்கிழமை முடிஞ்சுபோச்சு. நாங்க வர்றோம்."

சின்னவன் அழ ஆரம்பித்தான். மருமக சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை, பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. சம்மந்தி பொட்டியைப் பார்த்தார், கொசுவலைக்குள் தொங்கின குடையைப் பார்த்தார். ரெண்டு தடவை தும்மினார். அப்புறம் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"யாரு சொன்னது ஞாயித்துக்கிழமை முடிஞ்சுதுன்னு? நம்ம கணக்குல ஒரு நாள்ங்கிறது சூரிய உதயத்திலேருந்து அடுத்த சூரிய உதயம் வரைக்கும். நாளைக்கு விடியற வரைக்கும் ஞாயிறுதான்."

என் மகனுக்கு எப்பவுமே சரியான நேரத்தில் தப்பான பேச்சு வரும். ராத்திரி பன்னெண்டு மணிக்கே திங்கக்கிழமை ஆயிடுமே மாமா என்றான்.

"அது வெள்ளைக்காரன் கணக்கு மாப்ள" என்றார் அவர், பஞ்சாங்கத்தை மூடிக்கிட்டே.

அப்போதான் எனக்கு அந்தத் தேங்காய் விஷயம் விளங்கியது. ரெண்டும் ஒரே பக்கத்துத் தேங்காய்.

திங்கக்கிழமை விடியக்காலையில் நாங்க அத்தனை பேரும் குடையைச் சுத்திக் குந்தியிருந்தோம். வானம் மூடிக் கிடந்தது. மணி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, உள்ளே ஆரஞ்சுக் கலரில் என்னமோ மடிச்சு வைத்த மாதிரி தெரியுது. ஆனால் அசையவில்லை. காகம் கத்தியது, பால்காரர் வந்துட்டுப் போனார். என் மகன் போனைப் பார்த்துக்கிட்டே, சூரியன் உதிச்சுக் கால் மணி ஆச்சு மாமா என்றான். அவனை நான்தான் பெத்தேன் என்பதை நினைத்து அப்போ எனக்கு வருத்தமாக இருந்தது.

சம்மந்தி எழுந்து தெருவுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கிழக்கே பார்த்தார். ஒரே மேகம்.

"எங்க உதிச்சுது?"

"போன்ல போட்டிருக்கு மாமா."

"போன்ல உதிச்சா போதுமா? மஞ்சக்குப்பத்துல உதிக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியல. சம்மந்தியம்மா, உங்களுக்குத் தெரியுதா?"

எனக்குக் கண்ணில் புரை எடுத்து வருஷமாச்சு, பார்வை நல்லாவே இருக்கு. ஒண்ணும் தெரியவில்லை சம்மந்தி என்றேன். எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கிட்டு இருந்தாள். அவளையும் கேட்டார். எதுக்குக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் எங்க வீட்டு விஷயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவள் விடுவாளா. இன்னும் விடியவே இல்லீங்க என்று அடித்துச் சொன்னாள்.

உள்ளேயிருந்து சின்னவன் கூப்பிட்டான். ஓடினோம். மணி கீழ்ப்பக்கம் விரிஞ்சு, கால் ரெண்டு வெளியே வந்து, கசங்கின கைக்குட்டை மாதிரி ஒண்ணு வழிஞ்சு இறங்கியது. அது கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கிட்டே, கசங்கின இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாய் நீவி விட்டுக்கிட்டது, பொட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவை மடிப்பு விரிகிற மாதிரி. ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. சம்மந்தி கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கிட்டுக் கிட்டே போய்க் குனிஞ்சார். அது சரியாய் அவருடைய வெள்ளை வேட்டி மேல் ஒரு சொட்டு விட்டது. காவிக் கலர். பொறந்த புள்ளை மொதல்ல செய்யற காரியம்தான். அவர் கறை தெரியாத மாதிரி மடிப்பைத் திருப்பிக் கட்டிக்கிட்டார்.

காப்பி குடித்தபிறகு சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். ரெண்டு இடமும் வேண்டாம், வேற புள்ளைங்களுக்குக் கொடுத்துடுங்க என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டாங்க போல. கேசு தோத்துப்போச்சு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சமையல்கட்டிலிருந்து மருமக வந்து அப்பாவுக்கு ரெண்டாவது தடவை காப்பி கொடுத்தாள். அதுதான் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது. பெரியவள் பொட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நானும் கூட நின்னு அடுக்கினேன், அடுக்கினதையே கலைத்து இன்னொரு தடவை அடுக்கினேன்.

கிளம்பும்போது சம்மந்திக்கு ஒரு கவலை. ஊரில் சொந்தக்காரங்க எல்லாம் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வரப் போனியே, எங்கே என்று கேட்பாங்க. புழுவிடம் தோத்தேன் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார். மகளை எழுதச் சொன்னால் அவள் பக்கமாய் எழுதுவாள், மாப்ளயைச் சொன்னால் ரெண்டு பக்கமும் எழுதுவான். என்னைப் பார்த்தார்.

"சம்மந்தியம்மா, நடந்ததை நடந்தபடி நீங்க எழுதுங்க. கேக்கறவங்களுக்கு நான் படிக்கக் குடுத்துடறேன்."

எனக்கு எழுத வராது, ரெண்டாங்கிளாஸ் என்றேன். அவசரமில்லை, ஆனால் மழை நடந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கமாக எழுதுங்க என்றார். தலைமை ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம் ஆச்சே, தட்ட முடியுமா. சுருக்கமாகத்தான் எழுதியிருக்கேன்.

எழுதி முடித்தாச்சு. வெத்தலையும் தீர்ந்துபோச்சு. நாளைக்குச் சிதம்பரம் போகிறவங்க கையில் கொடுத்து அனுப்பணும். அதுக்கு முன்னால் சரியா இருக்கா என்று பார்க்கணும், என் எழுத்தை நானே படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ஏய் பெரியவளே, பல்லாங்குழியை அப்படியே வைச்சுட்டு இங்க வா. மொதல்லேருந்து ஒரு தடவை சத்தமாப் படி, கேக்கறேன். தப்பு இருந்தா அப்பறம் திருத்திக்கலாம். உங்க தாத்தா வர்ற எடத்துல மட்டும் சிரிக்காமப் படிக்கணும், ஆமா.